காற்று இறைத்த தண்ணீர்

அமெரிக்காவில் மேற்கு டெக்சாசிலும் கிழக்கு நியூ மெக்சிகோவிலும் பரந்து கிடக்கும் மேட்டுச் சமவெளிக்கு யானோ எஸ்டகாடோ என்று பெயர். 1541-இல் அந்தப் பக்கம் போன ஸ்பானியத் தளபதி கொரோனாடோ, அடையாளத்துக்கு ஒரு கல்லோ மரமோ இல்லை என்று அரசருக்குக் கடிதம் எழுதினார். வருடத்துக்குச் சுமார் 450 மி.மீ. மழை. அதுவும் ஓடி ஆறாவதில்லை. ஆழமற்ற வட்டக் குட்டைகளில் தேங்கிப் பெரும்பாலும் ஆவியாகிவிடும்.

புல்லுக்கு மட்டும் குறைவில்லை. 1874-75 போரில் கோமாஞ்சே பழங்குடி மக்களை ராணுவம் அங்கிருந்து விரட்டியது. காட்டெருமைகளை வேட்டைக்காரர்கள் தீர்த்துக்கட்டினார்கள். அந்த இடத்துக்குத்தான் மாடுகள் வந்தன. 1876-இல் வந்த சார்லஸ் குட்நைட் விவரமானவர். ஓடை இருந்த பாலோ டுரோ பள்ளத்தாக்கில் பட்டி போட்டார். மேலே சமவெளியில் என்ன செய்வது? தண்ணீரை விட்டு மாடு வெகுதூரம் போகாது. எட்டாத புல் இருந்தும் இல்லாததுதான்.

தண்ணீர் காலடியிலேயே இருந்தது. ராக்கி மலை ஆறுகள் லட்சக்கணக்கான ஆண்டுகளாகக் கொண்டுவந்து கொட்டிய மணலும் சரளையும், மேலே சுக்கான் பாறை மூடி, நீரைப் பிடித்து வைத்திருந்தன. ஓகலாலா நீர்த்தாங்கி என்பது இதுதான்.

எடுத்துக் கொடுத்தது காற்றாலை. உறிஞ்சு பம்பால் சுமார் 10 மீட்டருக்கு மேல் நீரைத் தூக்க முடியாது. காற்றழுத்தத்தின் வரம்பு அவ்வளவுதான். அதனால் பம்பையே கிணற்றின் அடியில், நீருக்குள் இறக்கினார்கள். நம்மூர் அடிபம்பில் கை செய்யும் வேலையை இங்கே காற்று செய்கிறது: சக்கரம் சுற்ற, நீளமான கம்பி ஏறி இறங்கும், அதன் நுனியிலுள்ள தோல் வாஷர் ஒவ்வொரு ஏற்றத்திலும் நீரை மேலே தள்ளும். நெருக்கமாகப் பல இறக்கைகள் இருப்பதால் இளங்காற்றிலேயே பளுவோடு சுழலத் தொடங்கும். சூறைக்காற்றில் தானே அடங்கும் வகையை டேனியல் ஹாலடே 1854-இல் உருவாக்கியிருந்தார். ஆளில்லாத வெளியில் இந்த வசதி இல்லாவிட்டால் முதல் புயலிலேயே இறக்கைகள் சிதறியிருக்கும்.

டெக்சாஸ் தலைநகர் ஆஸ்டினில் சட்டமன்றக் கட்டடம் கட்டித் தந்ததற்குக் கூலியாக 30 லட்சம் ஏக்கர் பெற்ற எக்ஸ்.ஐ.டி. பண்ணையில் 300-க்கு மேற்பட்ட காற்றாலைகள் நின்றன. பள்ளத்துக்குள் தோண்டிய ஒரு கிணற்றுக்குக் காற்று எட்டாததால் 132 அடிக் கோபுரமே எழுப்பினார்கள்.

மணல் அரித்த வாஷரை மாற்றக் கம்பி முழுவதையும் உருவ வேண்டும். மாடு மேய்ப்பவர்களுக்குப் பிடிக்காத வேலை.

காற்றாலை எடுத்தது மாட்டுக்குப் போதுமான அளவுதான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பருத்திக்காகப் பெருகிய எஞ்சின் பம்புகள் அப்படி நிற்கவில்லை. பெகோஸ் ஆறு குறுக்கே அரித்து, நீர்த்தாங்கிக்கு ராக்கி மலையோடு இருந்த தொடர்பை எப்போதோ துண்டித்துவிட்டதால், மழைநீர் தேங்கும் அந்த வட்டக் குட்டைகளிலிருந்து கசிவதுதான் அதற்கு முக்கிய நீர்வரத்து. சில இடங்களில் நீர்மட்டம் 100 அடிக்கு மேல் இறங்கிவிட்டது.