கடல் மட்டம் என்னும் பூஜ்ஜியம்

ஒரு மலையின் உயரம் கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டர் என்று வரைபடம் சொல்லும்போது, அது எந்தத் துறைமுகத்தின் கடல், எந்த ஆண்டின் கடல் என்று நாம் பொதுவாகக் கேட்பதில்லை. பிரிட்டனின் பெருநிலத்தைப் பொறுத்தவரை அது கார்ன்வாலில் உள்ள நியூலின் துறைமுகத்தின் கடல். காலம் 1915 மே முதல் 1921 ஏப்ரல் வரையிலான ஆறு ஆண்டுகள். பிரான்சுக்கு மார்சேய், ஆஸ்திரியாவுக்கு ட்ரியெஸ்டே, ரஷ்யாவுக்கு க்ரோன்ஷ்டாட், நெதர்லாந்துக்கு ஆம்ஸ்டர்டாம் என்று ஒவ்வொரு நாடும் தனக்கென ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கே குறித்த மட்டத்தையே தன் உயரங்களுக்கெல்லாம் பூஜ்ஜியமாக வைத்துக்கொண்டது.

அலை ஓயாத நீரில் மட்டத்தை எப்படி அளப்பது? கடலின் ஏற்ற இறக்கமான ஓதத்தை அளக்கும் பழைய ஓதமானி நிலையங்களில் கரையோரமாக ஒரு கிணறு இருக்கும். அதன் அடிப்பகுதியில் உள்ள சிறு துளை வழியாக மட்டுமே கடல்நீர் உள்ளே வரும். சில நொடிகளுக்கு ஒருமுறை வந்துபோகும் அலையால் அந்தத் துளை வழியே போதிய நீரைத் தள்ளவும் முடியாது, இழுக்கவும் முடியாது. மணிக்கணக்கில் மெல்ல ஏறி இறங்கும் ஓதம் மட்டும் உள்ளே பதிவாகும். கிணற்று நீரில் மிதக்கும் மிதவை ஒரு கம்பியை இழுக்க, கம்பி ஒரு பேனாவை நகர்த்த, கடிகாரத்தால் சுழலும் உருளையில் சுற்றிய தாளில் வளைகோடு விழும். இன்று பல இடங்களில் மிதவைக்குப் பதிலாக, நீர்ப்பரப்பை மேலிருந்து நோக்கும் ரேடார் கருவி வேலை செய்கிறது. வளைகோடு போய் எண்கள் வந்துவிட்டன. அளக்கப்படும் பொருள் மாறவில்லை.

பதிவுகளைச் சராசரி எடுப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும் ஓதம் எளிதாகக் கழிந்துவிடும். காற்றழுத்தம் ஒரு மில்லிபார் கூடினால் கடல் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தாழும். பருவத்துக்குப் பருவம் நீரின் வெப்பமும் உப்பும் காற்றின் திசையும் மாறும். இவற்றையெல்லாம் ஓராண்டுச் சராசரி ஓரளவு தணிக்கும். ஆனால் நிலவின் சுற்றுப்பாதைத் தளம் 18.6 ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுச் சுழற்சி முடிப்பதால், ஓதத்தின் வீச்சும் அதே கால அளவில் கூடிக் குறைகிறது. இதனால்தான் அமெரிக்காவில் ஓத மட்டங்களைக் கணிக்க 19 ஆண்டுப் பதிவைக் கேட்கிறார்கள். அந்த அளவுகோலின்படி நியூலினின் ஆறு ஆண்டுகள் குறைவுதான் என்றாலும், ஒரு நாட்டின் வரைபடப் பணி 19 ஆண்டு காத்திருக்குமா என்பதும் நியாயமான கேள்வியே.

கிடைத்த சராசரியை நீரில் எழுதி வைக்க முடியாது. நியூலினில் அது கருங்கல்லில் பதித்த ஒரு பித்தளை ஆணியில் இருக்கிறது. பிரிட்டனின் பூஜ்ஜியம் என்பது அந்த ஆணியின் உச்சியிலிருந்து 4.751 மீட்டர் கீழே என்பதே வரையறை. அதாவது சராசரி எடுத்து முடித்த நாளிலிருந்து கடலுக்கும் பூஜ்ஜியத்துக்கும் உள்ள உறவு அறுந்துவிட்டது, ஆணிதான் ஆதாரம். நூறாண்டுக்குப் பின் அங்கே சராசரி கடல் மட்டம் அந்தப் பூஜ்ஜியத்துக்குச் சுமார் 20 சென்டிமீட்டர் மேலே நிற்கிறது. வரைபடங்கள் 'கடல் மட்டத்துக்கு மேல்' என்றே எழுதிக்கொண்டிருக்க, அந்த மட்டத்தில் இப்போது கடல் இல்லை.

ஆணி பதிந்த நிலமும் அசையாததல்ல. பனியுகத்தின் பனிச்சுமை நீங்கிய ஸ்காண்டிநேவியா இன்னும் நிமிர்ந்துகொண்டிருக்கிறது. ஸ்வீடனுக்கும் பின்லாந்துக்கும் இடையிலான போத்னியா வளைகுடாவின் வடகரையில் நிலம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயர்வதால், அங்குள்ள ஓதமானி கடல் இறங்குவதாகவே காட்டும். ஓதமானி சொல்வது எப்போதும் நிலத்துக்கும் நீருக்கும் இடையிலான வேறுபாடு மட்டுமே. இரண்டில் எது நகர்ந்தது என்பதைப் பிரித்தறியவே இப்போது ஓதமானிகளுக்குப் பக்கத்தில் ஜிபிஎஸ் ஆன்டெனாக்களை நிறுவுகிறார்கள்.

ஆணியிலிருந்து உயரம் உள்நாட்டுக்குப் போவது மட்டம் பார்க்கும் பணியால். இரண்டு அளவுகோல்களை நிறுத்தி, நடுவில் கிடைமட்டமாக நோக்கும் தொலைநோக்கிக் கருவியான மட்டமானியை வைத்து, பின்னால் உள்ள கோலின் அளவிலிருந்து முன்னால் உள்ள கோலின் அளவைக் கழிப்பார்கள். பிறகு கருவியை முன்னே நகர்த்தி மறுபடியும் அதையே செய்வார்கள். ஐம்பது மீட்டருக்கும் குறைவான பார்வைத் தொலைவுகளில் இப்படியே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போக வேண்டும். சூடான தரைக்கு அருகே ஒளி வளைவது போன்ற சிறு பிழைகள் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரே திசையில் விழுந்தால் அவை குவிந்துகொண்டே போகும். பிரிட்டனில் ஒரு காலத்தில், வடக்கே போகப் போகக் கடல் மட்டம் உயர்கிறது என்று மட்டப்பணி காட்டியது. கடலியலாளர்களால் அதற்குக் காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை. சாய்வு கடலில் இல்லை, மட்டப்பணியில்தான் இருந்தது என்பது பின்னர் தெளிவாயிற்று.

அதற்காகக் கடல் எங்கும் ஒரே மட்டத்தில் இருக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. நீரோட்டங்களும் நிலையான காற்றுகளும் வெப்ப, உப்பு வேறுபாடுகளும் கடற்பரப்பை ஒரு மீட்டர் அளவுக்கு மேடும் பள்ளமுமாக வைத்திருக்கின்றன. பனாமாவில் பசிபிக் பக்கத்துக் கடல், அட்லாண்டிக் பக்கத்தைவிடச் சுமார் 20 சென்டிமீட்டர் உயரம். வட அமெரிக்காவின் 1929ஆம் ஆண்டு உயர அமைப்பு, 26 ஓதமானிகளின் சராசரி மட்டங்களையும் பூஜ்ஜியம் என்றே கட்டிப்போட்டது. உண்மையில் வேறுபட்டிருந்த அந்தப் பூஜ்ஜியங்கள் மொத்த வலைப்பின்னலையும் திரித்தன. 1988ஆம் ஆண்டு அமைப்பில் கியூபெக்கின் ரிமூஸ்கியில் உள்ள ஒரே ஒரு புள்ளியோடு நிறுத்திக்கொண்டார்கள். திரிபு போயிற்று, ஆனால் மட்டப்பணிப் பிழை குவிந்து, கரைக்குக் கரை ஏறத்தாழ ஒரு மீட்டர் சாய்வு உள்ளே புகுந்தது.

நாடுகளின் எல்லையில் இந்த வேறுபாடு பணமாகிறது. ஜெர்மனியின் உயரங்கள் ஆம்ஸ்டர்டாமிலிருந்தும் சுவிட்சர்லாந்தின் உயரங்கள் மார்சேயிலிருந்தும் வருவதால், ரைன் நதிக்கரை ஊரான லாஃபென்பர்க்கில் அவை 27 சென்டிமீட்டர் வேறுபடும். அங்கே இரு நாடுகளையும் இணைக்கும் பாலம் கட்டியவர்களுக்கு இது தெரிந்தே இருந்தது. கூட்ட வேண்டிய இடத்தில் கழித்துவிட்டதால், 2003இல் இரு பக்கங்களுக்கும் இடையே 54 சென்டிமீட்டர் வேறுபாடு வெளிப்பட்டது.

மட்டமானியின் குமிழி நடுவில் நிற்பது ஈர்ப்பு விசையின் திசைக்கு ஏற்ப. எனவே உயரம் என்பது ஆதியிலிருந்தே ஈர்ப்பைச் சார்ந்த அளவு; கடல் அந்த ஈர்ப்புப் பரப்பை ஏறக்குறையக் காட்டிய அடையாளம், அவ்வளவே. ஓதமும் காற்றும் நீரோட்டமும் இல்லாத கடல் எந்தப் பரப்பில் அடங்குமோ, அதைக் கண்டங்களுக்கு அடியிலும் நீட்டினால் கிடைப்பது ஜியாய்டு. அதன் ஒவ்வொரு புள்ளியிலும் ஈர்ப்பு ஆற்றல் நிலை ஒன்றே. பூமிக்குள் நிறை சமமாகப் பரவாததால், பூமிக்குப் பொருத்தப்படும் சீரான நீள்கோளத்திலிருந்து இது விலகுகிறது: இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்தும், நியூ கினி அருகே 80 மீட்டருக்கும் மேல் உயர்ந்தும் கிடக்கிறது. ஜிபிஎஸ் தருவது நீள்கோளத்திலிருந்து உயரம். அதிலிருந்து அந்த இடத்தின் ஜியாய்டு உயரத்தைக் கழித்தால்தான் வரைபடத்தின் உயரம் வரும்.

ஜியாய்டை அறிய ஈர்ப்பை அளக்க வேண்டும். 2009 முதல் 2013 வரை பறந்த ஐரோப்பாவின் கோசே செயற்கைக்கோள், சுமார் 255 கிலோமீட்டர் உயரத்தில் மெல்லிய காற்றின் உராய்வைத் தாங்கிக்கொண்டு இதைச் செய்தது. மறுபுறம், 1992இல் ஏவப்பட்ட டோபெக்ஸ்/பொசைடன் தொடங்கி ரேடார் செயற்கைக்கோள்கள் உண்மையான கடற்பரப்பை அளக்கின்றன. இரண்டின் வேறுபாடே நீரோட்டங்களின் மேடு பள்ளம். கனடா 2013இல் துறைமுகத்தையும் ஆணிகளையும் விட்டுவிட்டு, ஜியாய்டையே தன் உயரங்களுக்கு ஆதாரமாக ஏற்றது. 2015இல் சர்வதேச புவியளவியல் சங்கம், உலகப் பொது உயர அமைப்புக்கான ஆற்றல் நிலையை 62,636,853.4 என்று, நொடியின் வர்க்கத்துக்கு மீட்டரின் வர்க்கம் என்ற அலகில் நிர்ணயித்தது. மீட்டரில் அல்லாமல் இந்த அலகில் பூஜ்ஜியத்தை எழுதியதுதான் இதில் உண்மையான மாற்றம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த ஆற்றல் வேறுபாட்டை நேரடியாக அளக்கவும் ஒரு வழி இருக்கிறது. பொதுச் சார்பியலின்படி, உயரத்தில் உள்ள கடிகாரம் வேகமாக ஓடும். ஒரு சென்டிமீட்டர் உயர வேறுபாடு, ஓட்டத்தை 10இன் 18ஆம் அடுக்கில் ஒரு பங்கு மாற்றும். டோக்கியோ ஸ்கைட்ரீ கோபுரத்தில் தரையிலும் 450 மீட்டர் உயரத்திலும் வைத்த இரு ஒளியியல் கடிகாரங்கள் (ஒளியின் அதிர்வைக் கொண்டு நேரம் காட்டும் மிகத் துல்லியமான அணுக் கடிகாரங்கள்), ஒரு நாளில் சுமார் 4 நானோ நொடி விலகுவதை 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. இத்தகைய கடிகாரங்களைத் தொலைதூர ஒளியிழையால் இணைத்து ஒப்பிட முடிந்தால், இடையில் மட்டப்பணிக்கு வழியே இல்லாத இரு கரைகளின் பூஜ்ஜியங்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுவிடலாம்.