‘மார்க்’: பொருளும் வேரும் தமிழ்ச் சொல்லும்

ஒரே நிறுவனத்தின் கார்களை ஆண்டுக்கணக்கில் தேடி வாங்கி, பழுது நீக்கி, ஓட்டி மகிழும் ஆர்வலர்களின் பேச்சில் ‘மார்க்’ (marque) என்ற சொல் அடிக்கடி வரும். சந்தையில் வழங்கும் ‘பிராண்டு’ என்ற சொல் அவர்களுக்குப் போதுவதில்லை. விளம்பரம், விற்பனை, விலை மதிப்பு ஆகியவை பேச்சில் வரும்போது ‘பிராண்டு’ என்கிறார்கள். ஒரு கார் எப்படித் திரும்புகிறது, எப்படி ஒலிக்கிறது, அதன் முன்னோடிகளில் எதை ஒத்திருக்கிறது என்ற பேச்சு எழும்போது ‘மார்க்’ என்கிறார்கள். நிறுவனம் என்பதும் மார்க் என்பதும் ஒன்றல்ல. பி.எம்.டபிள்யூ குழுமம் என்ற ஒரே நிறுவனத்தின் கீழ் பி.எம்.டபிள்யூ, மினி, ரோல்ஸ் ராய்ஸ் முதலிய கார் மார்க்குகள் இன்று இயங்குகின்றன. மறுபுறம், சுவீடனின் சாப் கார் நிறுவனம் 2011 டிசம்பரில் நொடித்துப் போனது. ஆனாலும் சாப் என்ற மார்க் அந்தக் கார்களை வைத்திருப்பவர்களிடம் இன்றும் உயிரோடு இருக்கிறது. நிறுவனம் கைமாறலாம், மூடப்படலாம். மார்க் என்பது கார்களிலும் அவற்றை ஓட்டுபவர்களின் கைப்பழக்கத்திலும் படிந்து கிடப்பது.

சொல்லின் வேரைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் வழங்கும் இச்சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே அது குறி, அடையாளம், வணிகக்குறி ஆகிய பொருள்களில் இன்றும் அன்றாடச் சொல். பிரெஞ்சுக்கு அது பழைய ஜெர்மானிய மொழிகளிலிருந்து சென்றது. அவற்றில் அதன் அடிப்படைப் பொருள் எல்லை, எல்லையைக் காட்டும் அடையாளம் என்பதாகும். தேர்வு மதிப்பெண்ணைக் குறிக்க நாம் சொல்லும் ‘மார்க்’ என்பதும் இதே வேரிலிருந்து கிளைத்ததுதான். தொடக்க காலக் கார்த் தொழிலில் பிரான்சு முன்னணியில் நின்றதால், ‘கராஜ்’, ‘ஷோஃபர்’, ‘ஷாசி’ போன்ற பிரெஞ்சுச் சொற்களோடு இதுவும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார் உலகுக்குள் நுழைந்தது.

‘பிராண்டு’ என்பதன் வேர் வேறு. அது எரிதல், கொள்ளிக்கட்டை என்ற பொருள்களைக் கொண்ட வட ஐரோப்பியச் சொல்லிலிருந்து வந்தது. கால்நடைகளின் மேல் உடைமையாளர் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் இடும் சூட்டுக்குறியை முதலில் சுட்டிப் பிறகு வணிகத்துக்கு வந்தது. ஆக, ஒன்று எல்லைக்குறி, மற்றது உடைமைக்குறி. இன்னொரு சொல்லையும் இங்கே சேர்க்க வேண்டும். ஒரு காருக்கு ‘கேரக்டர்’ இருக்கிறது என்று ஆர்வலர்கள் புகழும்போது அவர்கள் ஆளும் அச்சொல், கிரேக்கத்தில் செதுக்கும் கருவியையும் அது பதிக்கும் அச்சையும் குறித்தது. குணம் என்ற பொருள் அதற்குப் பின்னர் ஏற்பட்டது. பதிக்கப்பட்ட ஒன்றே குணமாகிறது என்ற இந்தக் கருத்துத்தான் ஏற்ற தமிழ்ச் சொல்லைத் தேடும்போது நமக்கு வழிகாட்டப் போகிறது. அதற்கு முன், ஒரு மார்க்கின் குணம் காரில் எங்கே பதிந்திருக்கிறது என்பதைப் பார்த்தாக வேண்டும். அது தெரியாமல் சொல் ஆக்கினால் இலச்சினைக்கு ஒரு பெயர் கிடைக்குமேயன்றி மார்க்குக்குக் கிடைக்காது.

சாப் கார்களையே எடுத்துக்கொள்வோம். 1960களின் இறுதியில் வந்த 99 வகை முதல், சாவித் துளை முன்னிருக்கைகள் இரண்டுக்கும் நடுவே தரையையொட்டி, கியர்த் தண்டுக்கு அருகில் அமைந்தது. மோதலின்போது ஓட்டுநரின் முழங்கால் சாவியில் இடித்துக் காயப்படக்கூடாது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. கையால் கியர் மாற்றும் வகைகளில், பின்னோக்குக் கியருக்குத் தண்டைத் தள்ளினால்தான் சாவியை உருவ முடியும். மற்றக் கார்களில் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்வது போல இங்கே கியர்ப்பெட்டி பூட்டிக்கொள்ளும். புதிதாக ஏறுபவர் சாவித் துளையைத் தேடித் திணறுவார். பழகியவரின் கையோ வேறு காரில் ஏறினாலும் தன்னை அறியாமல் இருக்கைகளின் நடுவே போகும். விமான நிறுவனமாக 1937இல் தொடங்கிய சாப், இருட்டில் வேகமானியைத் தவிர மற்ற அளவிகளின் வெளிச்சத்தை அணைத்துவிடும் பொத்தானையும் பிற்காலக் கார்களில் வைத்தது. இவை எவையும் விற்பனைக்குக் கட்டாயம் தேவைப்பட்டவை அல்ல. ஆனால் ஒரே சிந்தனை முறையிலிருந்து பிறந்தவை, தலைமுறை தலைமுறையாகக் கைவிடப்படாதவை. சாப் ஆர்வலரிடம் சாவியைப் பற்றிப் பேச்செடுத்தால் அவர் முகம் மலர்வதன் காரணம் இதுதான்.

இதற்கு நேர்மாறான சான்றும் சாப்பிடமே கிடைக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2000இல் சாப் கார் நிறுவனத்தை முழுமையாகத் தன்வசப்படுத்தியது. சுபாரு கார்களைத் தயாரித்த ஜப்பானின் ஃபூஜி ஹெவி இண்டஸ்ட்ரீசிலும் அப்போது அதற்குப் பங்கு இருந்தது. அதன் விளைவாக 2004இல் வட அமெரிக்கச் சந்தைக்கு சாப் 9-2எக்ஸ் வந்தது. முகப்பும் சில ஒப்பனைகளும் சாப்புடையவை. மற்றவை ஏறத்தாழ எல்லாமே சுபாரு இம்ப்ரெசா. ஓட்டுவதற்கு இனிய கார்தான். ஆனால் சாவித் துளை ஸ்டீயரிங் தண்டிலேயே இருந்தது. ஆர்வலர்கள் அதற்குச் ‘சாபரு’ என்று பெயர் சூட்டினார்கள். அடுத்து வந்த 9-7எக்ஸ், செவர்லே டிரெயில்பிளேசரின் அடித்தளத்தில் எழுந்த கனத்த வண்டி. அதில் தயாரிப்பாளர்கள் சாவித் துளையை இருக்கைகளின் நடுவே மெனக்கெட்டுக் கொண்டுவந்தார்கள். மார்க்கின் குணம் எங்கே குடியிருக்கிறது என்பதை அவர்களும் அறிந்திருந்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஒப்புதல் இல்லை. ஆயினும் 9-7எக்ஸை உண்மையான சாப் என்று மனமார ஏற்ற ஆர்வலர்கள் குறைவு. அதன் மற்ற உறுப்புகள் எவையும் அந்தச் சாவியோடு ஒரே குடும்பத்தில் பிறக்கவில்லை. குணம் என்பது ஒரு தனி உறுப்பைப் பெயர்த்து நடுவதால் வருவதில்லை என்பதை இந்த ஒரு காரே காட்டிவிடுகிறது.

பிரெஞ்சுக் கார் நிறுவனமான சித்ரோயெனின் கதை இதைவிடச் செழுமையானது. அதன் பொறியாளர் பால் மாஜெஸ் உருவாக்கிய எண்ணெய்-வாயுத் தொங்கமைப்பு (சஸ்பென்ஷன்), 1954இல் டிராக்ஸியோன் அவான் வகையொன்றின் பின்சக்கரங்களுக்கு முதலில் பொருத்தப்பட்டு, 1955இல் பாரிஸ் கண்காட்சியில் அறிமுகமான டி.எஸ். காரில் நான்கு சக்கரங்களுக்கும் வந்தது. எஃகுச் சுருள்வில்லுக்குப் பதிலாக, உலோகக் கோளங்களில் அடைத்த நைட்ரஜன் வாயு வில்லாக வேலை செய்கிறது. அழுத்தமூட்டிய எண்ணெய் காரின் உயரத்தைச் சீராகத் தாங்குகிறது. நின்றிருக்கும் டி.எஸ். கார் எண்ணெய் அழுத்தம் இறங்க இறங்கத் தாழ்ந்து தரையை நெருங்கிவிடும். எஞ்சினை இயக்கியதும் உடல் மெல்ல எழுந்து தன் உயரத்துக்கு வரும். சக்கரம் மாற்றும் முறையையும் சொல்லியாக வேண்டும். உயர நெம்பை மேல் நிலைக்குத் தள்ளினால் கார் தானாக உயரும். அதன் விலாவுக்கு அடியில் ஒரு தாங்கியைச் செருகிவிட்டு நெம்பைக் கீழ் நிலைக்குக் கொண்டுவந்தால், காரின் பாரம் தாங்கியில் இறங்கச் சக்கரம் தரையை விட்டு மேலே எழும். திருகு ஜாக்கியைச் சுழற்றும் வேலையே இல்லை. ஒற்றை ஆரம் கொண்ட ஸ்டீயரிங் வளையமும் அந்தக் காரில் தொடங்கி நெடுங்காலம் தொடர்ந்தது. 2017இல் இரண்டாம் தலைமுறை சி5 நிறுத்தப்பட்டபோது அந்தத் தொங்கமைப்பும் முடிவுக்கு வந்தது. சித்ரோயென் என்ற பெயரில் கார்கள் தொடர்ந்து வருகின்றன. அவற்றின் இருக்கையும் ஓட்டமும் மென்மையாக இருப்பது உண்மையே. ஆனாலும் பழைய உரிமையாளர்கள் எதை இழந்ததாகக் கருதுகிறார்கள் என்பதை, அந்தக் கார் எழுவதை ஒருமுறை அருகில் நின்று பார்த்தவர் உணர்வார்.

குறையே குணமாவதும் உண்டு. சுபாரு 1966 முதல் எதிரெதிராகப் படுத்த உருளைகள் (சிலிண்டர்கள்) கொண்ட எஞ்சினைத் தன் கார்களின் மையமாகக் கொண்டது. புகழ்பெற்ற டர்போ வகைகள் பலவற்றில், உருளைகளிலிருந்து வரும் புகைக்குழாய்கள் சம நீளத்தில் இல்லை. அதனால் வெளியேறும் துடிப்புகள் சீரான இடைவெளியில் சேராமல் முன்பின்னாகச் சேர, ஒரு தழுதழுத்த உறுமல் எழுந்தது. வாயு ஓட்டத்தின் கணக்கில் அது சிறந்த அமைப்பல்ல. பின்னர்ச் சம நீளக் குழாய்கள் வந்தபோது எஞ்சினின் செயல்பாடு மேம்பட்டது, உறுமல் அடங்கியது. அந்த உறுமலுக்காகவே நீளம் ஒவ்வாத குழாய்களை வாங்கிப் பொருத்திக்கொள்ளும் உரிமையாளர்கள் இன்றும் உண்டு. போர்ஷே 911இன் கதையும் இவ்வகையே. 1963இல் 901 என்ற பெயரில் அறிமுகமாகி, நடுவில் சுழியம் வரும் மூன்றிலக்கப் பெயர்களுக்குப் பிரெஞ்சுக் கார் நிறுவனமான பெஜோ உரிமை கோரியதால் 911 ஆன அக்காரில், எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. வளைவின் நடுவே முடுக்கியிலிருந்து காலைச் சட்டென எடுத்தால் பின்புறம் வெளியே வீசும். எஞ்சினை நடுவில் வைத்துவிட்டால் இச்சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும் என்று அறிந்திருந்தும், போர்ஷே பொறியாளர்கள் எஞ்சினை அங்கேயே விட்டு, அறுபது ஆண்டுகளாகச் சக்கரங்களையும் தொங்கமைப்பையும் திருத்தி அதைப் பணிய வைத்துவருகிறார்கள். 1998இல் எஞ்சினைக் காற்றால் குளிர்விக்கும் முறை கைவிடப்பட்டது இன்றளவும் 911 உரிமையாளர்களிடையே ஒரு பிளவுக்கோடு. மாஸ்டாவும் 1967 முதல் 2012இல் ஆர்எக்ஸ்-8 நிற்கும்வரை சுழல் (ரோட்டரி) எஞ்சினை விடாப்பிடியாகக் காரில் வைத்திருந்தது. இந்த விடாப்பிடியே மார்க்கின் குணத்துக்கு முதல் ஊற்று என்பது என் துணிபு.

இலச்சினைக்கும் பங்கு உண்டு, ஆனால் இரண்டாம் நிலையில். சுபாரு என்பது ஜப்பானிய மொழியில் நாம் கார்த்திகை என்றும் அறுமீன் என்றும் அழைக்கும் விண்மீன் கூட்டத்தின் பெயர். ஐந்து நிறுவனங்கள் இணைந்து ஒன்றானதை, ஒரு பெரிய மீனும் ஐந்து சிறு மீன்களும் கொண்ட அதன் இலச்சினை காட்டுகிறது. அழகிய செய்திதான். என்றாலும் அந்த இலச்சினையைக் கழற்றிவிட்டாலும், கண்ணை மூடிக்கொண்டு ஒலியைக் கேட்டுக் காரை அடையாளம் சொல்லிவிடுவார் ஆர்வலர்.

இனித் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். ‘வணிகப்பெயர்’, ‘வணிகக்குறி’ ஆகிய இரண்டும் நல்ல சொற்கள். ஆனால் முன்னது பிராண்டுக்கும், பின்னது சட்டப்படி பதிவு செய்யப்படும் டிரேட்மார்க்குக்கும் உரியவை. ‘இலச்சினை’ லோகோவோடு நின்றுவிடுகிறது. ‘தயாரிப்பு’ என்பது எல்லாப் பொருளுக்கும் பொது. ‘குலம்’, ‘வம்சம்’ போன்றவற்றைச் சிலர் விரும்பக்கூடும். அவை மனிதப் பிறப்பின் சுமையை ஏற்றிவருவதால் ஒரு தொழிற்பொருளுக்கு நான் அவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன். ‘முத்திரை’ நெருங்கி வருகிறது. ஒருவர் தம் துறையில் தனி முத்திரை பதித்தார் என்று சொல்லும் வழக்கில், தனித்தன்மை என்ற பொருள் ஏற்கெனவே உள்ளது. ஆனால் அதில் காலத் தொடர்ச்சி இல்லை. ஒரே படைப்பிலும் முத்திரை பதிக்கலாம்.

‘பொறி’ என்ற சொல்லைத்தான் நான் முன்வைக்க விரும்புகிறேன். பொறித்தல் என்றால் செதுக்கிப் பதித்தல். சேர, சோழ, பாண்டியரின் வில், புலி, கயல் ஆகிய அடையாளங்கள் விற்பொறி, புலிப்பொறி, கயற்பொறி எனப்பட்டன. காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் சுங்கம் கொள்வோர் பண்டப் பொதிகளின் மேல் சோழரின் புலிச்சின்னத்தை இட்டு வெளியே அனுப்பியதைப் பட்டினப்பாலை ‘புலி பொறித்துப் புறம்போக்கி’ என்று கூறுகிறது. பண்டத்தின் மீது பதித்த குறி என்ற பொருளில் இச்சொல் அவ்வளவு பழமையானது. அதே சொல்லுக்கு எந்திரம் என்ற பொருளும் உண்டு. மதிலில் நின்று தானே வளைந்து அம்பெய்யும் கருவி வளைவிற்பொறி. இன்றைய பொறியியலும் அப்பொருளின் வழி வந்ததே. குறியையும் எந்திரத்தையும் ஒரே சொல்லில் அடக்கிய மொழியில், எந்திரத்திலேயே பதிந்த குறியைச் சுட்ட வேறெங்கும் போக வேண்டியதில்லை. தனியே ‘பொறி’ என்றால் புலன், தீப்பொறி, எலிப்பொறி என்று பொருள் சிதறும் என்பதால், தொடர்ச்சியையும் உணர்த்தும் வகையில் ‘மரபு’ சேர்த்துப் ‘பொறிமரபு’ என்று ஆளலாம். எந்திரங்களின் வழிவழி வரும் இயல்பு, பதிந்த குறியின் தொடர்ச்சி என்று இரு வகையிலும் இக்கூட்டு விரிகிறது.

ஆளும் முறைக்குச் சில எடுத்துக்காட்டுகள். ‘ஒரே குழுமத்தில் பல பொறிமரபுகள் உள்ளன’ என்று எழுதலாம். ‘சாப் 9-2எக்ஸ் வணிகப்பெயரால் சாப், பொறிமரபால் சுபாரு’ என்றால், இரு சொற்களுக்கும் உள்ள வேறுபாடு விளக்கமின்றியே விளங்கும். ஒரே மார்க்கின் கார்களைப் பற்றி நிற்கும் உரிமையாளர்களைப் ‘பொறிமரபினர்’ எனலாம். நேற்றுத் தொடங்கி ஒரே ஒரு வகையை வெளியிட்ட நிறுவனத்துக்கு இச்சொல்லைத் தரக்கூடாது. இரண்டு மூன்று தலைமுறைக் கார்களிலாவது ஓர் இயல்பு நிலைத்த பிறகே அது மரபாகும், அதுவரை வணிகப்பெயரே போதும். மின்கார்களுக்கும் சொல் பொருந்துகிறது. 2019இல் வந்த போர்ஷே டைகானில் பின்புற எஞ்சினும் இல்லை, அதன் ஒலியும் இல்லை. ஆனால் இடப்பக்கம் ஸ்டீயரிங் கொண்ட பழைய போர்ஷே கார்களில் சாவி இருந்ததைப் போலவே, அதன் இயக்குபொத்தான் ஸ்டீயரிங்குக்கு இடப்புறத்தில் இருக்கிறது. அதைப் பொறிமரபின் எச்சம் என்று குறிப்பிடலாம்.