"இருதரப்பு மோதல்"ல அடிச்சவன் எங்க போனான்?

கடலூர் கோர்ட்டுல வன்கொடுமை கேஸ், அதாவது பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் மேல நடக்குற கொடுமைக்கான கேஸ் நடத்துற வக்கீலா சொல்றேன், நிறைய கேஸ் ஸ்டேஷன்ல ரைட்டர் எழுதுற மொத பக்கத்துலயே தோத்துடுது.

புகார் குடுக்க வர்ற ஒரு அம்மா சொல்றது, "டீக்கடை வாசல்ல நாலு பேர் பாக்க சாதிப்பேர சொல்லித் திட்டுனான் சார், என் புள்ளய எட்டி ஒதச்சான்." பேப்பர்ல ஏறுறது, "முன்விரோதம் காரணமாக இருதரப்பினரிடையே ஏற்பட்ட வாய்த்தகராறில் அசிங்கமாகத் திட்டி, தாக்கி". படிக்க நடுநிலையா தான் இருக்கும். ஆனா சாதிப்பேர் போச்சு, டீக்கடை போச்சு, பாத்தவங்க போயிட்டாங்க, ஒதச்சவன் "தரப்பு"க்குள்ள பூந்துட்டான். வன்கொடுமை தடுப்புச் சட்டம் 3(1)(எஸ்) கேக்குறதே சாதிப்பேர் சொன்னதும் பொதுப் பார்வைல சொன்னதும் தான், அது ரெண்டும் இல்லன்னா அந்தப் பிரிவு நிக்காது, பெரும்பாலும் சாதாரண அடிதடி கேஸா ஆயிடும். எல்லா ரைட்டரும் வேணும்னே பண்றாங்கன்னு சொல்லல, எழுதி எழுதி கை பழகிடுச்சு, ஆனா அந்தப் பழக்கம் எப்பவும் ஒரே பக்கத்துக்கு தான் லாபமா இருக்கு.

நம்ம மாவட்டத்துல கண்ணகி முருகேசன் கேஸே இருக்கே. சாதி மாறி கல்யாணம் பண்ணுனதுக்காக 2003ல விருத்தாசலம் பக்கத்துல ரெண்டு பேரையும் விஷம் குடுத்துக் கொன்னாங்க, போலீஸ் மொதல்ல முருகேசன் சொந்தக்காரங்களயும் சேத்து ரெண்டு பக்கமும் குத்தவாளின்னு எழுதுச்சு. சிபிஐ வந்து தான் கதை மாறுச்சு. 2021ல கடலூர் கோர்ட் தண்டனை குடுத்துச்சு, அதுல போலீஸ் அதிகாரிங்களும் உண்டு. சுப்ரீம் கோர்ட்டும் குத்தம்னு உறுதி பண்ணுச்சு, 2025 ஏப்ரல் 28ல. மறுநாளே சட்டசபைல தலித் குடியிருப்புக்குச் சொல்ற "காலனி"ங்கற சொல்ல அரசு ஆவணங்கள்லேருந்து எடுக்குறோம்னு முதல்வர் அறிவிச்சார், நல்லது தான், ஆனா சொல்ல எடுத்தாச்சு, "இருதரப்பு"ங்கற வாக்கியம் இன்னும் அப்படியே ஓடிக்கிட்டு இருக்கு.

அதனால புகார நீங்களே எழுதிட்டுப் போங்க. யார் பேரு, என்ன வார்த்த, எந்த எடம், யார் நின்னாங்க, கூச்சப்படாம அப்படியே எழுதுங்க. வாயால சொன்னா, எழுதுனத படிச்சுக் காட்டிட்டு தான் கையெழுத்து வாங்கணும், எஃப்ஐஆர் காப்பியும் உடனே தரணும், ரெண்டுமே வன்கொடுமை தடுப்புச் சட்டம் 4வது பிரிவுல இருக்கு, வேணும்னே செய்யாத, பட்டியல் சாதி, பழங்குடி அல்லாத அதிகாரிக்கு 6 மாசத்துலேருந்து 1 வருஷம் வரைக்கும் ஜெயில். "விசாரிச்சுட்டு அப்பறமா போடுறோம்"னா அதே சட்டத்தோட 18ஏ பிரிவ சொல்லுங்க, எஃப்ஐஆர் போட முன்விசாரணை தேவையில்ல. காப்பில "இருதரப்பு"ன்னு இருந்துச்சுன்னா அன்னைக்கே எஸ்பி ஆபீஸுக்கு மனு எழுதி ஸ்பீடு போஸ்ட்ல அனுப்பிட்டு ரசீத பத்திரமா வச்சுக்குங்க, கோர்ட்டுல மொதல்ல அத தான் கேப்பேன்.