ஊதா உருளைக்கிழங்கு ஏன் வெளுத்துப்போகிறது?

ஊதா உருளைக்கிழங்கு என்று நட்டு, தோண்டி வெட்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளைத் திட்டுகள். பெரும்பாலானோர் உரத்தைத்தான் குறை சொல்வார்கள். முதலில் பார்க்க வேண்டியது ரகம். 'ஷெட்லாண்ட் பிளாக்' எப்படி வளர்த்தாலும் சதையில் மெல்லிய ஊதா வளையம் மட்டுமே காட்டும். 'ஆல் ப்ளூ'வின் ஊதாச் சதையில் தோலை ஒட்டி ஒரு வெளிர் வளையம் இருப்பது அதன் இயல்பு. சதை முழுக்க நிறம் வேண்டுமென்றால் 'அடிராண்டாக் ப்ளூ', 'பர்ப்பிள் மெஜஸ்டி' போன்றவற்றைத் தேடுங்கள். 'விட்லாட்' கருமையில் கிட்டத்தட்ட மை. ஆனால் கிழங்கு சிறிது, விளைச்சல் குறைவு, முதிரவும் நாளாகும்.

இந்த நிறம் அந்தோசயனின் என்ற நிறமிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஊதா ரகங்களில் பெடுனிடின் வகை மிகுதி, சிவப்பு ரகங்களில் பெலார்கோனிடின். ஒரே ஒரு நொதிதான் இரண்டையும் பிரிக்கிறது: அது வேலை செய்தால் ஊதா, இல்லையென்றால் சிவப்பு. இதற்கும் மேலே, நிறமி தயாரிப்பையே முடுக்கிவிடும் ஒரு மரபணு இருக்கிறது. அது தோலில் மட்டும் விழித்திருந்தால் கிழங்கு வெளியே ஊதா, உள்ளே வெள்ளை.

ரகம் சரியாக இருந்தும் நிறம் மங்கினால் மண்ணின் வெப்பத்தைச் சந்தேகியுங்கள். நிறமி உருவாகச் சர்க்கரை வேண்டும். இரவு வெக்கையாக இருந்தால், பகலில் இலை சேர்த்த சர்க்கரையில் பெரும்பகுதி சுவாசத்திலேயே செலவாகிவிடும். நிறமியைக் கட்டும் மரபணுக்களும் சூட்டில் மந்தமாகும். மண் 15 முதல் 20 டிகிரி செல்சியஸில் இருப்பது உகந்தது. 30 டிகிரியை நெருங்கினால் கிழங்கு கட்டுவதே ஏறத்தாழ நின்றுவிடும். ஆகவே கிழங்கு பருக்கும் கடைசி இரண்டு மாதங்கள் குளிர்ச்சியான பருவத்தில் விழும்படி நடவு நாளைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள்.

விதைக்கிழங்கு கோழிமுட்டை அளவு போதும். பெரியதை வெட்டினால் துண்டுக்கு இரண்டு கண்ணாவது இருக்கட்டும். வெட்டுவாய் காய 2–3 நாள் நிழலில் காற்றாட வையுங்கள், ஈரத்தோடு நட்டால் அழுகும். ஆழம் 10 செ.மீ., செடிக்குச் செடி 30 செ.மீ., வரிசைக்கு வரிசை 70 செ.மீ. செடி 20 செ.மீ. உயர்ந்ததும் பாதித் தண்டு மறைய மண் அணைத்து, மேலே 8–10 செ.மீ. வைக்கோல் மூடாக்குப் போடுங்கள். மண்ணைக் குளிர்விப்பதில் இதைவிடச் சுலபமான வழி கிடையாது. வெயிலில் நிற்கும் கறுப்புப் பைதான் மோசமான இடம். பையில்தான் வளர்ப்பதென்றால் 40 லிட்டருக்கு இரண்டு கிழங்கு, பக்கவாட்டில் வெள்ளைத் துணி சுற்ற வேண்டும்.

யூரியாவை அள்ளிப்போடுவது நிறத்துக்கு எந்த வகையிலும் உதவாது. தழைச்சத்து மிகுந்தால் செடி இலையிலேயே மும்முரமாகி, கிழங்கு பிடிப்பதைத் தள்ளிப்போடும். பருக்கும் காலம் வெயிலில் போய் மாட்டிக்கொள்ளும். நடும்போது மட்கிய தொழுவுரம், மண் அணைக்கும்போது கொஞ்சம் சாம்பல்சத்து, அவ்வளவே போதும்.

வெளிச்சம் பட்டால் நிறம் ஏறும் என்ற எண்ணத்தில் கிழங்கை வெளியே தெரிய விடாதீர்கள். சதையின் ஊதா இருட்டிலேயே உருவாகும். வெயில் கொண்டுவருவது பச்சையத்தை, கூடவே சோலனின் நஞ்சை. ஊதாத் தோலில் அந்தப் பச்சை கண்ணுக்கு எளிதில் தெரியாது என்பதால் ஆபத்து கூடுதல். கசந்தால் தூக்கி எறியுங்கள்.

இலை முழுவதும் காய்ந்து இரண்டு வாரம் கழித்துத் தோண்டினால் தோல் இறுகியிருக்கும். அடுத்த நடவுக்கு, சதையில் நிறம் சீராக இருந்த செடியின் கிழங்குகளையே எடுத்து வையுங்கள். இலை சுருண்டோ தேமல் படிந்தோ இருந்த செடி வேண்டாம், வைரஸ் விதைக்கிழங்கோடு தொடரும்.

சமையலிலும் நிறம் போகலாம். அந்தோசயனின் நீரில் கரையும். நறுக்கி வேகவைத்தால் தண்ணீர்தான் ஊதாவாகும். தோலோடு முழுசாக ஆவியில் வேகவையுங்கள். சோடா உப்பு பட்டால் நீலப்பச்சையாக மாறும், எலுமிச்சைச் சாறு சில துளி விட்டால் செவ்வூதாவாகத் திரும்பும்.