தலைவரின் ஆதரவுக்கு எடை எங்கிருந்து வருகிறது?

தேர்தல் நெருங்கினால் மேட்டுப்பாளையத்திலிருந்து இரவு புறப்படும் நீலகிரி எக்ஸ்பிரஸில் வெள்ளை வேட்டிகள் கூடிவிடும். கோத்தகிரி, குன்னூர், ஊட்டியிலிருந்து இறங்கி வருபவர்கள். கையில் சால்வை, பையில் விருப்ப மனு. ஓட்டுப் போடப் போகிறவர்கள் மலையில் இருக்கிறார்கள், இவர்களோ முதலில் சென்னையில் இருக்கும் தலைவரைப் பார்க்கப் போகிறார்கள். ஏன் அப்படி என்பதற்கு அரசியல் அறிவியலில் தெளிவான விளக்கம் உண்டு.

வாக்காளரின் பக்கத்திலிருந்து தொடங்குவோம். நீலகிரி மக்களவைத் தொகுதி ஊட்டி, குன்னூர், கூடலூரோடு முடிவதில்லை. மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகரும் அதில் சேர்ந்தவை. படுகர் ஊர்களில் ஒரு பேச்சு, கூடலூரில் மலையாளமும் கலந்த பேச்சு, தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்கள், கீழே அவிநாசியில் முற்றிலும் வேறொரு வாழ்க்கை. இத்தனை பேரும் ஒரு வேட்பாளரை நேரில் அறிந்து எடைபோட முடியாது. அதனால் மனம் ஒரு குறுக்குவழியைத் தேடுகிறது: நமக்குத் தெரிந்த யார் இவரை ஆதரிக்கிறார்?

இந்தக் குறுக்குவழியை அறியாமை என்று ஒதுக்கிவிடக் கூடாது. 1988இல் கலிபோர்னியாவில் காப்பீட்டுச் சீர்திருத்தம் பற்றி ஐந்து முன்மொழிவுகள் ஒரே நேரத்தில் வாக்கெடுப்புக்கு வந்தன. நிபுணர்களையே குழப்பும் அளவுக்கு நீண்ட விவரங்கள். ஓட்டுப் போட்டு வெளியே வந்தவர்களிடம் ஆர்தர் லூப்பியா என்ற அரசியல் அறிஞர் விசாரித்தார். விவரம் அதிகம் தெரியாவிட்டாலும், காப்பீட்டு நிறுவனங்கள் எந்தப் பக்கம் என்பதை மட்டும் தெரிந்துகொண்டவர்கள், நன்றாகப் படித்துவிட்டு வந்தவர்களைப் போலவே ஓட்டளித்திருந்தார்கள். யார் பக்கம் யார் நிற்கிறார் என்பதே ஒரு தகவல்.

அப்புறம், எல்லோருக்கும் கிடைக்கிற முத்திரைக்கு மதிப்பு இருக்காது. தலைவர் ஒரு தொகுதியில் ஒருவருக்குத்தான் அதைத் தர முடியும். நம் நாட்டில் அதைச் சட்டமே உறுதி செய்கிறது. 1968ஆம் ஆண்டின் தேர்தல் சின்னங்கள் ஆணைப்படி, கட்சி அதிகாரம் கொடுத்தவர் மையால் கையெழுத்திட்ட படிவம், அதாவது எல்லோரும் சொல்லும் பி ஃபார்ம், வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள் தேர்தல் அதிகாரியிடம் சேர வேண்டும். சேராவிட்டால் சின்னம் இல்லை.

சின்னத்துக்கு ஓட்டா, தலைவருக்கு ஓட்டா என்று பிரித்துப் பார்க்க நமக்கு ஒரு நல்ல வாய்ப்பு கிடைத்தது, 1973இல், பழனி மலைக்குக் கிழக்கே இருக்கும் திண்டுக்கல்லில். எம்.ஜி.ஆர். கட்சி தொடங்கி ஏழு மாதம்தான். இரட்டை இலை யாருக்கும் பழகாத சின்னம். இருந்தும் அவர் நிறுத்திய மாயத்தேவர் அந்த மக்களவை இடைத்தேர்தலில் ஜெயித்தார். மாநிலத்தில் ஆளுங்கட்சியாக இருந்த திமுக மூன்றாம் இடத்துக்குப் போனது. கட்சியும் புதிது, சின்னமும் புதிது என்னும்போது, அந்த ஓட்டில் பெரும்பங்கு தலைவரின் சொல்லுக்கு விழுந்தது என்றே நான் நினைக்கிறேன்.

அமெரிக்காவில் சின்னம் கொடுக்கும் அதிகாரம் தலைவருக்கு இல்லை. கட்சிக்குள்ளேயே ஓட்டெடுப்பு நடத்தி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைவர் தருவது வெறும் சொல். 2022இல் ஒஹாயோவில் செனட் சபைக்கான குடியரசுக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கப் பலர் மோதிய உட்கட்சிப் போட்டியில், தேர்தல் அரசியலுக்குப் புதியவரான ஜே.டி.வான்ஸுக்கு டிரம்ப் ஏப்ரல் நடுவில் ஆதரவு தெரிவித்தார். மே 3ஆம் தேதி வான்ஸ் சுமார் 32 சதவீத ஓட்டோடு ஜெயித்தார். அதே மாதம் ஜார்ஜியாவில் ஆளுநர் பதவிக்கான உட்கட்சிப் போட்டியில் டிரம்ப் ஆதரித்த டேவிட் பெர்டியூ, பதவியில் இருந்த ஆளுநர் பிரையன் கெம்ப்பிடம் படுதோல்வி அடைந்தார். கெம்ப்புக்கு 70 சதவீதத்துக்கும் மேல் ஓட்டு. கெம்ப்பை மக்களுக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரியும். நேரில் அறிந்தவரைப் பற்றி முடிவெடுக்கும்போது குறுக்குவழி அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 'அவர் ஆதரித்தவர்கள் எல்லோரும் ஜெயித்தார்கள்' என்ற கணக்கை அப்படியே நம்ப முடியாது. ஜூலை மாதம் கூடலூரில் நின்றுகொண்டு நாளைக்கு மழை என்று சொன்னால் பெரும்பாலும் பலிக்கும். மழையை வரவழைத்தது அந்தச் சொல் அல்ல. எப்படியும் ஜெயிக்கப் போகிறவர்களைப் பார்த்து ஆதரவு கொடுக்கும் தலைவரின் பட்டியலும் அப்படித்தான். ஆதரவு ஜெயிக்க வைத்ததா, ஜெயிக்கிறவரைத் தேடிப் போனதா என்று பிரித்தறிவதுதான் ஆய்வாளர்களுக்குப் பெரிய சிக்கல்.

எனக்குக் கவலை தருவது வேறு. கொடுத்த ஆதரவைத் திரும்பவும் எடுத்துக்கொள்ளலாம். அலபாமாவில் செனட் சபைக்குப் போட்டியிட்ட மோ புரூக்ஸுக்குக் கொடுத்த ஆதரவை டிரம்ப் 2022 மார்ச்சில் விலக்கிக்கொண்டார். அதனால் வேட்பாளரின் கண் எப்போதும் மேலிடத்தின் மீதே இருக்கிறது. தலைவரும் விசுவாசத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால், அந்த முத்திரை வாக்காளருக்குச் சொல்லும் தகவல் விசுவாசம் ஒன்றுதான். தொகுதியைப் பற்றி அது எதுவும் சொல்லாது. கூடலூரில், ஜன்மம் என்ற பழைய ஜமீன் போன்ற நில உரிமையை ஒழித்த 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின், குத்தகைத் தோட்டங்கள் பற்றிய 17ஆம் பிரிவில் சிக்கிய நிலத்தில் பட்டா இல்லாமல் எத்தனையோ குடும்பங்கள் வாழ்கின்றன. ஓட்டுக் கேட்டு வருபவர் எந்தச் சின்னத்தோடு வந்தாலும் சரி, பிரிவு 17 பற்றி அவருக்கு என்ன தெரியும் என்பதை நாமேதான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.