வேகம் இருக்கிறது, பேச்சு ஏன் திக்குகிறது?

கும்பகோணம் பக்கத்துக் கிராமங்களில் இணைய இணைப்பு கொடுப்பதும் பழுது பார்ப்பதும் என் வேலை. அடிக்கடி காதில் விழுவது இதுதான்: "அம்பது எம்பிபிஎஸ் இருந்தும் வீடியோ கால் சுத்துது சார், நூறு போட்டுடலாமா?" போடுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள்.

அறுவடைச் சமயத்தில் ஒரு வீட்டுக்குப் போனேன். பெரியவருக்கு வெளிநாட்டில் இருக்கும் மகளோடு சாயங்காலத்தில் மட்டும் பேச முடியவில்லை. பகலில் பிங் போட்டால், அதாவது ஒரு சின்னத் தகவல் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தால், குறையே இல்லை. அப்புறம்தான் கவனித்தேன்: களத்து நெல்மூட்டைகளுக்குக் காவலாக வைத்த கேமராக்கள் இருட்டியதும் காட்சிகளை இணையத்துக்கு அனுப்புகின்றன. பேரனின் போனும் அதே நேரத்தில் போட்டோக்களை ஏற்றுகிறது.

தூரத்தைக் குறை சொல்ல முடியாது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். சென்னைக்குக் கேபிள் 500 கி.மீ. சுற்றிப் போனாலும் 2.5 மில்லிசெகண்ட்தான். தாமதம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. அங்கே அப்லோடு 5 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 5 மெகாபிட். மோடத்தின் பஃபரில், அதாவது தரவு வரிசையில் காத்திருக்கும் இடத்தில், 1 எம்பி (8 மெகாபிட்) தேங்கினாலே அது வடிய 1.6 நொடி ஆகும். பெரியவரின் குரலைச் சுமக்கும் சின்னப் பாக்கெட்டும் (தரவுத் துண்டும்) அதன் பின்னால்தான் நிற்க வேண்டும். பேச்சு இயல்பாக இருக்க, ஒருவழித் தாமதம் 150 மில்லிசெகண்டைத் தாண்டக் கூடாது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை.

பாக்கெட் தொலையவே கூடாது என்று பஃபரைப் பெரிதாக்கியதில் வந்த வினை இது. சரியான நேரத்தில் ஒரு பாக்கெட்டைக் கைவிட்டால்தான் அனுப்பும் கருவிக்கு நெரிசல் தெரியும், அது வேகத்தைக் குறைக்கும். 2012-இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் வெளியிட்ட கோடெல் முறை, வரிசையின் நீளத்தைப் பார்க்காமல் பாக்கெட் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று பார்க்கிறது. காத்திருப்பு 5 மில்லிசெகண்டுக்கு மேல் நீடித்தால் கைவிடத் தொடங்கும். அடுத்து வந்த எஃப்கியூ-கோடெல், ஒவ்வொரு உரையாடலுக்கும் தனி வரிசை வைக்கிறது. கடைமடைக்கும் தண்ணீர் சேர முறை வைத்து விடுகிறோமே, அப்படி.

அந்த வீட்டில் இந்த வசதி (எஸ்கியூஎம் என்பார்கள்) உள்ள ரவுட்டரை வைத்து, அப்லோடு வரம்பை 4.5 எம்பிபிஎஸ் ஆக்கினேன். வரம்பைக் கொஞ்சம் குறைப்பது முக்கியம். இல்லாவிட்டால் நெரிசல் நம் கைக்கு எட்டாத மோடத்திலேயே தேங்கும். திட்டத்தை மாற்றவில்லை. அன்று சாயங்காலம் கேமராக்கள் ஓடும்போதே பெரியவர் மகளோடு பேசினார்.

உங்கள் வீட்டிலும் பாருங்கள். ஒரு பெரிய வீடியோவை ஏற்ற விட்டு, அது ஓடும்போதே பிங் போடுங்கள். எண் சில நூறு மில்லிசெகண்டுக்கு எகிறினால், கடைக்காரரிடம் வேகத்தைக் கேட்காதீர்கள், "இந்த ரவுட்டரில் எஸ்கியூஎம் இருக்கா?" என்று கேளுங்கள்.