கிண்டர்கார்டன், பால்வாடி, மழலையர் பள்ளி: ஒரு தோட்டத்தின் பெயர்கள்

பால்வாடி என்றால் பால் கொடுக்கிற இடம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் வேறு மாதிரி நினைத்தவர்கள் யாரும் இருந்ததாக ஞாபகம் இல்லை. அங்கே சத்துமாவு கொடுத்தார்கள், முட்டை கொடுத்தார்கள், மத்தியானம் சோறு போட்டார்கள், அப்படியென்றால் முன்பு எப்போதோ பாலும் ஊற்றியிருப்பார்கள், அதனால் அந்தப் பெயர் என்று ஒரு கணக்கு. அப்புறம் மராத்தி பேசும் நண்பர் ஒருவர் பேச்சுவாக்கில் ‘வாடி’ என்றால் தங்கள் ஊரில் தோப்பு, தோட்டம் என்று சொன்னபோதுதான் பொறி தட்டியது. அந்தப் ‘பால்’ நாம் குடிக்கிற பால் இல்லை, குழந்தையைக் குறிக்கும் வடசொல் ‘பால’. பால்வாடி என்றால் குழந்தைகள் தோட்டம்.

ஜெர்மன் மொழியில் குழந்தைகள் தோட்டத்துக்கு என்ன சொல்? கிண்டர்கார்டன்.

ஆக, தெருக்கோடியில் ஒற்றை அறையில் நடக்கும் பால்வாடிக்கும், வீட்டு வாசலில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும் எல்.கே.ஜி.க்கும் பெயர் ஒன்றுதான். எல்.கே.ஜி.யில் வரும் ‘கே.ஜி.’ கிண்டர்கார்டனின் சுருக்கம்; ‘எல்’ கீழ்நிலை, யு.கே.ஜி.யின் ‘யு’ மேல்நிலை. ஒன்றை இலவசம் என்றும் இன்னொன்றை உசத்தி என்றும் பிரித்து வைத்திருக்கும் நாம், இரண்டு பலகையிலும் ஒரே சொல் எழுதியிருப்பதைப் பார்க்கவே இல்லை.

சொல்லைப் பிரித்துப் பார்க்கலாம். ‘கிண்ட்’ என்றால் குழந்தை, அதன் பன்மை ‘கிண்டர்’. ‘கார்ட்டன்’ என்றால் தோட்டம். ஆங்கிலத்தின் ‘கார்டன்’ என்ற சொல்லுக்கு உறவுதான், ஆனால் ஆங்கிலத்தில் எழுதும்போதும் ஜெர்மன் எழுத்துக்கூட்டு அப்படியே இருக்கிறது, அதனால் பலர் இதைத் தப்பாக எழுதிவிடுகிறார்கள். பல சொற்களுக்குப் பிறந்த தேதி தெரியாது, இதற்குத் தெரியும். பிரீட்ரிக் புரோபெல் என்பவர் 1840-ல் சூட்டிய பெயர் இது.

புரோபெல் 1782-ல் ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் பிறந்தவர். ஒரு வயது நிறைவதற்குள் தாயை இழந்தவர். இளவயதில் வனக்காவலர் ஒருவரிடம் தொழில் பழகினார், பிறகு பெர்லினில் படிகக் கற்களை ஆராயும் வேலை பார்த்தார், நடுவில் சுவிட்சர்லாந்தில் பெஸ்டலோட்சி என்ற கல்வியாளர் நடத்திய பள்ளிக்குப் போய் அவருடைய கற்பிக்கும் முறையைக் கற்றுக்கொண்டார். மரம், கல், குழந்தை என்று மூன்றையும் பக்கத்தில் இருந்து பார்த்த ஆள். 1837-ல் பாட் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் சின்னப் பிள்ளைகளுக்காக ஓர் இடம் தொடங்கினார். விளையாட்டும் கைவேலையும் நடக்கும் நிலையம் என்ற பொருளில் நீளமான ஒரு பெயர் அதற்கு. மூன்று ஆண்டு கழித்துத்தான் கிண்டர்கார்டன் என்று மாற்றினார்.

இது வெறும் உவமைப் பெயர் இல்லை. உண்மையிலேயே தோட்டம் இருந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக ஒரு சின்னப் பாத்தி, எல்லாருக்கும் பொதுவாகப் பெரிய பாத்திகள். தன் பாத்தியில் எதை விதைத்தாலும் சரி, நீர் ஊற்றுவது அந்தப் பிள்ளையின் பொறுப்பு. முளை வரும்வரை காத்திருக்க வேண்டும், தோண்டிப் பார்த்தால் கெட்டுவிடும். மூன்று வயதுப் பிள்ளைக்குப் பொறுமையைக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் அவர் செய்துவைத்த விளையாட்டுப் பொருள்கள். அவற்றுக்கு அவர் வைத்த பெயரே ‘கொடைகள்’. முதல் கொடை, நிறம் நிறமாக ஆறு கம்பளிப் பந்துகள். இரண்டாவது, மரத்தில் செய்த உருண்டை, உருளை, கனசதுரம். மூன்றாவது, எட்டுச் சின்னக் கட்டைகளாகப் பிரியும் ஒரு கனசதுரம். பிள்ளை எதைக் கையில் எடுத்தாலும் உடைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும், சரி, உடைத்துப் பார், திரும்பவும் சேர்த்துவிடலாம் என்ற ஏற்பாடு. இவற்றோடு காகிதம் மடிப்பது, பின்னுவது, களிமண் பிசைவது. 1844-ல் தாய்மார்கள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு விரல் அசைத்துப் பாடுவதற்கென்றே பாட்டுப் புத்தகம் ஒன்றும் வெளியிட்டார். ஆக, பள்ளியோடு சேர்த்துக் குடும்பத்துக்கும் அவர் வேலை கொடுத்திருந்தார்.

1851-ல் அன்றைய ஜெர்மானிய அரசுகளில் ஒன்றான பிரஷ்யா இதைத் தடை செய்தது. நாத்திகமும் சமவுடைமையும் பரப்புகிறது என்று குற்றச்சாட்டு. புரோபெலின் உறவினர் ஒருவருடைய அரசியல் எழுத்தை இவர் தலையில் கட்டியதால் வந்த வினை. அடுத்த ஆண்டே அவர் இறந்துபோனார், தடை நீங்கியது 1860-ல்தான். அதற்குள் அவரிடம் பயின்ற பெண்கள் வெளிநாடுகளுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து வாட்டர்டவுன் ஊரில் மார்கரேத்தே ஷுர்ஸ் 1856-ல் ஒன்றைத் தொடங்கினார்.

ஆங்கிலம் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டது. மற்ற பல மொழிகள் மொழிபெயர்த்துக்கொண்டன. ரஷ்ய மொழியிலும் பிரெஞ்சிலும் குழந்தைத் தோட்டம் என்ற பொருளில் சொல் உண்டு. சீன, ஜப்பானியச் சொற்களின் கடைசி எழுத்து தோட்டத்தைக் குறிப்பது. மலேசியாவில் ‘தடிகா’ என்கிறார்களே, அது ‘தாமான் டிடிகான் கானாக்-கானாக்’ என்பதன் சுருக்கம். தாமான் என்றால் பூங்கா. பினாங்கிலும் கிள்ளானிலும் பிள்ளையைத் தடிகாவில் விடும் தமிழ்த் தாய் தினமும் ஒரு தோட்டத்தின் பெயரைத்தான் சொல்கிறார்.

இந்தியாவில் பால்வாடி வேரூன்றியதற்குத் தாராபாய் மோடக் முக்கியக் காரணம். குஜராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பதேகா 1920-ல் தொடங்கிய பால மந்திரில் அவரோடு வேலை பார்த்தவர். 1945-ல் மகாராஷ்டிரக் கடலோரத்துப் போர்டி கிராமத்தில் பால்வாடி தொடங்கினார். ஒதுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் வருவதில்லை என்று பார்த்ததும், சரி, பள்ளி அவர்களுடைய வாசலுக்குப் போகட்டும் என்று அவர்கள் குடியிருப்பின் முற்றத்திலேயே நடத்தினார். அங்கன் என்றால் முற்றம். அங்கன்வாடி, முற்றத்துத் தோட்டம். 1975 அக்டோபர் 2-ல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது நாடு முழுக்க இந்தப் பெயர் போய்ச் சேர்ந்தது. 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை ஒன்றாம் வகுப்புக்கு முந்திய வகுப்பை ‘பாலவாடிகா’ என்கிறது. அதுவும் அதே தோட்டம்தான்.

‘வாடி’ நமக்கும் அந்நியம் இல்லை. மரவாடி என்கிறோம், கடற்கரையில் மீனவர் தங்குமிடத்தை வாடி என்கிறோம், காளை வெளியே வரும் வாடிவாசல் எல்லாருக்கும் தெரியும். அடைத்துப் பாதுகாத்த இடம் என்பது இவற்றுக்கெல்லாம் பொதுப்பொருள்.

இப்போது தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். ‘குழந்தைகள் தோட்டம்’ என்று நேராகப் பெயர்த்தால் ஊஞ்சலும் சறுக்குமரமும் உள்ள பூங்கா என்றுதான் புரியும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பாலர் பள்ளி என்கிறார்கள். இலங்கையில் முன்பள்ளி, யாழ்ப்பாணத்தில் முந்திய தலைமுறைக்கு அது அரிவரி வகுப்பு. முன்பள்ளி தெளிவான சொல், ஆனால் பின்னால் வரப்போகும் பள்ளியை வைத்தே இந்த வயதை அளக்கிறது என்பது என் குறை. தமிழ்நாட்டில் புழங்கும் ‘மழலையர் பள்ளி’தான் என் தேர்வு. காரணம் சொல்கிறேன்.

மழலைக்கு வேர் ‘மழ’. ‘மழவும் குழவும் இளமைப் பொருள’ என்று தொல்காப்பியம் சொல்கிறது. அந்த இளமையிலிருந்து, இளம் பிள்ளையின் திருந்தாத பேச்சுக்கு மழலை என்று பெயர் வந்தது. குழலும் யாழும் இனிது என்பவர்கள் தம் மக்களின் மழலைச்சொல் கேளாதவர்கள் என்ற குறளில் இருப்பது அந்தப் பொருள். பேச்சைக் குறித்த சொல் பிற்பாடு பேசும் பிள்ளையையும் குறித்து ‘மழலையர்’ ஆயிற்று. ஜெர்மன் சொல் பிள்ளையைச் செடியாகப் பார்க்கிறது, தமிழ்ச் சொல் பேச்சாகக் கேட்கிறது. மூன்று முதல் ஐந்து வயது வரை பிள்ளைக்கு நடக்கிற மிகப் பெரிய காரியம் பேச்சு என்பதால், நம் சொல் இன்னும் கிட்டே போகிறது என்று நினைக்கிறேன்.

‘பள்ளி’யும் நல்ல சொல். அதன் முதற்பொருள் படுக்கும் இடம். பள்ளியறை, பள்ளியெழுச்சி, பள்ளிகொண்ட பெருமாள் எல்லாம் அதனால் வந்தவை. சமண, பௌத்தத் துறவிகள் தங்கிய இடம் பள்ளி ஆனது, அவர்கள் பாடம் சொன்னதால் கல்விச்சாலைக்கும் அதே பெயர் நின்றது. பாய் விரித்து மத்தியானம் பிள்ளைகளைத் தூங்கவைக்கும் அங்கன்வாடி, அந்தப் பழைய பொருளிலும் பள்ளிதான். எல்.கே.ஜி., யு.கே.ஜி.க்கு இளமழலை, வளர்மழலை என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் ஆசை. கீழ், மேல் என்று நான்கு வயதிலேயே தட்டுப் பிரிக்க வேண்டாம்.

சரி, தோட்டம் என்றும் மழலை என்றும் பெயர் வைத்த இடத்தில் பிள்ளை என்ன கற்க வேண்டும்? எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு மூன்றரை வயதில் ஒரு பள்ளியில் நான்கு கோடு நோட்டு வாங்கச் சொன்னார்கள். தினம் இரண்டு பக்கம். கை வலிக்கிறது என்று அழுதபோது சாக்கு சொல்கிறாள் என்று நினைத்து நானும் அதட்டியிருக்கிறேன், இன்றைக்கும் அது உறுத்துகிறது. மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் உண்டு. அந்த வயதில் அவற்றில் பல இன்னும் குருத்தெலும்பாகத்தான் இருக்கும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அந்தக் கைக்கு வேண்டியது மாவு பிசைவது, மணி கோப்பது, காகிதம் கிழிப்பது, சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்வது. விஜயதசமி அன்று நம் வீடுகளில் முதல் எழுத்தை நெல்லிலோ அரிசியிலோ விரலால்தானே எழுதவைக்கிறோம், அந்த முறையை அடுத்த நாளும் தொடர்ந்தால் போதும். தட்டில் மணலைப் பரப்பிக் கொடுங்கள். அழித்து அழித்து எழுதட்டும், பென்சில் காத்திருக்கும்.

எண்ணும் அப்படித்தான். நூறு வரை ஒப்பிக்கிற பிள்ளையிடம் ஐந்து தக்காளி எடுத்துவா என்றால் கை நிறைய அள்ளிக்கொண்டு வரும். சொல்லுக்கு ஒரு பொருள் என்று தொட்டு எண்ணுவதுதான் கணக்கின் தொடக்கம். சாப்பிட உட்காரும்போது ஆளுக்கொரு தட்டு வைக்கச் சொல்லுங்கள், துவரையும் உளுந்தும் கலந்து கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள், கோலப்புள்ளியை எண்ணவிடுங்கள். ‘ஒரு குடம் தண்ணி ஊத்தி ஒரு பூ பூத்ததாம், ரெண்டு குடம் தண்ணி ஊத்தி ரெண்டு பூ பூத்ததாம்’ என்று இரண்டு பிள்ளைகள் கை கோத்து வாசல் மாதிரி நிற்க மற்றவர்கள் வரிசையாக உள்ளே நுழைந்து போகும் விளையாட்டு நம்மிடம் இருக்கிறது. எண்ணிக்கை, வரிசை, தன் முறைக்குக் காத்திருப்பது, மாட்டிக்கொண்டால் அழாமல் இருப்பது, எல்லாம் அந்த ஒரு பாட்டுக்குள் வந்துவிடும். பாத்தியும் இருக்கிறது, கவனித்தீர்களா.

எல்லாவற்றுக்கும் மேல் பேச்சு. வீட்டில் தமிழ் பேசினால் பள்ளியில் ஆங்கிலம் வராது என்று பயந்து, தங்களுக்கே சரளமாக வராத மொழியில் பிள்ளையிடம் ‘கம், சிட், ஈட்’ என்று மூன்று சொல்லோடு நிறுத்திக்கொள்ளும் பெற்றோரைப் பார்க்கும்போது எனக்கு நிஜமாகவே வலிக்கிறது. அந்தப் பிள்ளை ஒரு நாளில் எத்தனை சொல் கேட்காமல் போகிறது. ‘ஏன் மழை வருது’, ‘நாய்க்கு ஏன் வால்’ என்று கேட்கும்போது உங்களுக்கு எந்த மொழியில் நீளமாகப் பதில் சொல்ல வருமோ அந்த மொழியில் சொல்லுங்கள். சொல் வளம் ஒரு மொழியில் சேர்ந்தால், அடுத்த மொழிக்கு அது கைகொடுக்கும். பிள்ளை ‘தக்காலி’ என்று சொன்னால் உடனே நிறுத்தித் திருத்த வேண்டாம், ‘ஆமா, தக்காளி சிவப்பா இருக்கு’ என்று நீங்கள் சரியாகச் சொல்லிவிட்டு மேலே பேசினால் காது தானே பிடித்துக்கொள்ளும். கதை சொல்லுங்கள், அதே கதையைத்தான் தினமும் கேட்கும், சலிக்காமல் சொல்லுங்கள். தாத்தா பாட்டி கூட இருந்தால் அந்த வேலையில் பாதி முடிந்தது.

சாயங்காலம் பிள்ளை வீட்டுக்கு வந்ததும் பையைத் திறந்து நோட்டைப் பார்ப்பதற்கு முன்னால், ‘இன்னைக்கு யார் கூட விளையாடினே?’ என்று கேட்டுப் பாருங்கள். முதல் நாள் பதில் வராமல் போகலாம். மறுநாளும் கேளுங்கள். நாலாம் நாள் நீங்கள் கேட்பதற்கு முன்னாலேயே செருப்பைக் கழற்றிக்கொண்டே ஆரம்பித்துவிடும்.